வண்டில் சில்லு ஆடினால், பிளேட் அறுந்தால்: ஸ்க்ரோல் சோ வேலைக்குப் பிழை நீக்கும் வழிமுறை

ஸ்க்ரோல் சோ என்பது மெல்லிய பிளேட் மேலும் கீழும் ஓடி வளைவுகளை வெட்டும் மெசின்; அதில் சின்ன மாட்டு வண்டில் மாதிரி செய்கிறவர்களுக்கான குறிப்பு இது. மெசினில் பிழை என்று நினைத்துக் கழற்றிப் பூட்டும் கோளாறுகளில் பல மெசினில் இருப்பதே இல்லை. பிளேட்டின் இலக்கம், மரத்தின் ஈரம், வேலையைச் செய்த ஒழுங்கு, இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். அதனால் கண்ணுக்குத் தெரியும் குறியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போவதே சுருக்கமான வழி. சில்லில் தெரியும் பிழை குடத்தில் (சில்லின் நடுக் கட்டையில்) தொடங்கியிருக்கும். குடத்தில் தெரியும் பிழை மரக்காலையில் பலகை வாங்கிய அன்றே தொடங்கியிருக்கும்.

கீழே வரும் அளவுகள் 12இல் ஒரு பங்கு அளவில் செய்யும் கூடார மாட்டு வண்டிலுக்கு உரியவை. சில்லின் விட்டம் 120 மி.மீ., குடம் 28 மி.மீ. விட்டமும் 30 மி.மீ. நீளமும், ஆரக்கால் சில்லுக்கு 12, வட்டையின் (சில்லின் வெளி வளையத்தின்) அகலம் 10 மி.மீ., தடிப்பு 8 மி.மீ., அச்சுக் கம்பி 6 மி.மீ. மெசின் 16 அங்குல வாயுள்ள (பிளேட்டுக்கும் பின்தூணுக்கும் இடையிலான தூரம்), நிமிடத்துக்கு 400 முதல் 1600 அடி வரை (பிளேட் ஒரு தரம் மேலே போய்க் கீழே வருவது ஒரு அடி) வேகம் மாற்றக்கூடிய சாதாரண ஸ்க்ரோல் சோ. பிளேட் 5 அங்குலம், முனையில் குறுக்கு ஊசி இல்லாத வகை. ஊசி வைத்த பிளேட் சின்ன உள்வெட்டுக்குச் சரிவராது. அதன் ஊசி நுழைய 5 மி.மீ. துளையாவது வேண்டும், ஊசி இல்லாததற்கு 1.5 மி.மீ. துளை போதும்.

பிளேட்டில் கை வைக்கும் எந்த வேலைக்கும் முதல் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை நிற்பாட்டினால் போதாது. காலால் அமுக்கும் சுவிட்ச் பூட்டியிருந்தால் இது இன்னும் கட்டாயம்.

பிளேட் அடிக்கடி அறுகிறது

அறுந்த துண்டுகளை எறிந்துவிடாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எந்த இடத்தில் அறுந்தது, அந்த இடம் எப்படி இருக்கிறது என்பதில் விடை இருக்கிறது.

கவ்விக்குக் கிட்ட, முனையிலிருந்து 10, 15 மி.மீ. தூரத்துக்குள் அறுந்திருந்தால் மேல் கவ்வியும் கீழ்க் கவ்வியும் ஒரே நேரில் இல்லை. பிளேட்டைக் கீழ்க் கவ்வியில் மட்டும் இறுக்கிவிட்டுக் கையை எடுங்கள். மேல் முனை தானாகவே மேல் கவ்வியின் நடுவில் வந்து நிற்க வேண்டும். இடமோ வலமோ சாய்ந்து நின்றால், கவ்வியில் கைத்திருகாணிக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் சின்னத் திருகாணியைக் கால் சுற்று, அரைச் சுற்றாகத் திருப்பி நேருக்குக் கொண்டுவாருங்கள். சாய்ந்த பிளேட்டை இழுத்துப் பிடித்து இறுக்கினால் ஒவ்வொரு அடிக்கும் அந்த இடம் மடிந்து நிமிரும். சில நூறு அடியில் களைத்து அறுந்துவிடும்.

நடுவில் அறுந்து, முனை நீலமாகவோ கரும்பழுப்பாகவோ இருந்தால் அது சூடு. பல் மழுங்கிய பிறகும் அதே பிளேட்டில் ஓட்டியிருக்கிறீர்கள். பிளேட் ஒரு செலவுப் பொருள். சாண்ட்பேப்பரைப் போலத்தான் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் மற்ற மரங்களைவிட வேகமாகப் பல்லைத் தின்னும்.

நடுவில் அறுந்து, நிறம் மாறாமல், துண்டு பின்பக்கமாக வளைந்திருந்தால் தள்ளியது கூடிவிட்டது. பலகையைத் தள்ளும்போது விரல் நகம் வெளுக்கிறதா என்று பாருங்கள். வெளுத்தால் தள்ளு அதிகம். பிளேட் வெட்டும் வேகத்துக்குத்தான் பலகை போக வேண்டும். இறுக்கமான மூலையில் முன்னோக்கித் தள்ளுவதை நிறுத்தி, பிளேட்டின் மழுங்கலான முதுகுப் பக்கம் மரத்தில் மெல்லத் தொடும்படி வைத்துக்கொண்டு பலகையைத் திருப்புங்கள். பல் பக்கம் தொட்டால் திரும்பும் இடமெல்லாம் பள்ளம் விழும்.

இழுவை (பிளேட்டின் இறுக்கம்) சரியா என்று பார்க்க, பிளேட்டின் நடுவில் பக்கவாட்டில் விரலால் தள்ளுங்கள். 3 மி.மீ.க்கு மேல் விலகினால் தளர்வு. நகத்தால் சுண்டினால் கணீரென்ற ஒலி வரவேண்டும். தொப்பென்று கேட்டால் இன்னும் இறுக்க வேண்டும். இறுக்க இறுக்க முனை கவ்வியை விட்டு வழுகுகிறது என்றால் எண்ணெய்தான் காரணம். புதுப் பிளேட்டுகள் கறள் பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசித்தான் வருகின்றன. இரண்டு முனையையும் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, கவ்வியின் உள்முகத்தையும் 220 சாண்ட்பேப்பரால் ஒரு தரம் தேய்த்துவிடுங்கள். அந்த எண்ணெய் மரத்தில் பட்டால் பொலிஷ் பிடிக்காத கறையாகவும் மாறும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. மெசினின் அடி, அதாவது பிளேட் மேலும் கீழும் ஓடும் தூரம், சுமார் 20 மி.மீ.தான். 4 மி.மீ. பலகை வெட்டும்போது பிளேட்டில் ஒரு சின்னத் துண்டு மட்டுமே வேலை செய்கிறது. மிச்சப் பல் எல்லாம் புதிதாகவே கிடக்கும். மேசையின் மேல் 10 மி.மீ. ஒட்டுப்பலகை ஒன்றை இருபக்க ஒட்டுநாடாவால் ஒட்டினால் பலகை உயர்ந்து புதுப் பல்லுக்கு வரும். ஒரு பிளேட்டிலிருந்து கூடுதல் வேலை.

இலக்கத்தைப் பொறுத்தவரை, 3 மி.மீ. ஒட்டுப்பலகைக்கு 1ஆம் இலக்கம், 4 முதல் 6 மி.மீ.க்கு 3, அடுக்கி வெட்டும் 16 மி.மீ. வரையான கட்டுக்கு 5, அதற்கு மேற்பட்ட வைரமான மரத்துக்கு 7. 20 மி.மீ. முதிரை மரத்தில் 1ஆம் இலக்கப் பிளேட்டை ஓட்டிவிட்டு மெசினைக் குறை சொல்வதில் பயனில்லை.

வாள் கோட்டை விட்டு எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறது

இது பிழை அல்ல, பிளேட்டின் குணம். தகட்டிலிருந்து அடித்து வெட்டிச் செய்யும் பிளேட்டின் ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருக்கும். அந்தப் பக்கம் கூடுதலாக வெட்டும். வாளும் அந்தப் பக்கமே போகும். பழைய தையல் இயந்திரப் பழக்கத்தில் பலகையை நேராகத் தள்ளுகிறவர்களுக்குத்தான் இது தொல்லை. கழிவுத் துண்டில் ஒரு நேர்கோடு கீறி, கோட்டிலேயே வெட்டு போகும்வரை பலகையைச் சாய்த்துப் பிடியுங்கள். சில பாகைதான் இருக்கும். அந்தச் சாய்வு கைக்குப் பழகிவிட்டால் பிறகு யோசிக்கத் தேவையில்லை. அரைத்துக் கூராக்கிய பிளேட் ஒரு பக்கம் இழுப்பது மிகக் குறைவு, விலை கூட.

ஒரு தரம் இடமும் ஒரு தரம் வலமும் போகிறது என்றால் அது வேறு. இழுவை தளர்ந்திருக்க வேண்டும், அல்லது மரத்தின் நார் பின்னலாக இருக்க வேண்டும். வேம்பிலும் முதிரையிலும் நார் ஒரு பட்டையில் ஒரு பக்கமும் அடுத்த பட்டையில் மறுபக்கமும் சாய்ந்து வளரும். வாள் அதைத் தொடர்ந்துபோகப் பார்க்கும். ஒரு இலக்கம் பெரிய பிளேட், கூடிய இழுவை, குறைந்த தள்ளு.

மேலே கோடு சரி, கீழே துண்டு பெரிதாகவோ சிறிதாகவோ வருகிறது

மேசை பிளேட்டுக்குச் செங்குத்தாக இல்லை. மேசைக்குக் கீழே இருக்கும் பாகை அளவை நம்ப வேண்டாம். 0 என்று காட்டும்போதும் ஒரு பாகை பிசகியிருக்கும். 40 மி.மீ. தடிப்புள்ள கழிவுக் கட்டையில் முன்பக்கம் 2 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் ஒரு வெட்டு வையுங்கள். மெசினை நிற்பாட்டி, கட்டையை அரை வட்டம் திருப்பி, பிளேட்டின் முதுகுப் பக்கமாக அதே வெட்டுக்குள் பிளேட் போகிறதா என்று பாருங்கள். மேலிருந்து கீழ் வரை தடையில்லாமல் இறங்கினால் மேசை சரி. மேலே நுழைந்து கீழே இடித்தால், இடிக்கும் அளவின் பாதிக்கு மேசையைச் சாய்த்து மறுபடியும் பாருங்கள்.

16 மி.மீ. கட்டில் ஒரு பாகை பிசகு கிட்டத்தட்ட 0.3 மி.மீ. அலங்கார வேலைக்கு இது ஒன்றுமில்லை. வட்டைத் துண்டுகளை நாலு அடுக்காக வெட்டும்போது மேல் துண்டுக்கும் அடித் துண்டுக்கும் இந்த வித்தியாசம் வந்து, பிறகு சில்லு மூடாது.

மேலும் கீழும் சரியாக இருந்து நடுப்பகுதி மட்டும் வயிறு தள்ளியிருந்தால் மேசையைத் தொடாதீர்கள். அது இழுவைக் குறைவு, அல்லது தடித்த மரத்தில் மெல்லிய பிளேட்.

வெட்டு முகம் கருகுகிறது

பிளேட் மழுங்கியிருக்கும், அல்லது வேகம் கூடித் தள்ளு குறைந்திருக்கும். பிளேட்டை மாற்றி, வேகத்தை 800 அளவுக்கு இறக்குங்கள். அதற்கும் அடங்காத மரத்தில், வரைபடத் தாளுக்கு மேலே பெட்டி ஒட்டும் கண்ணாடி நாடாவை ஒட்டிவிட்டு வெட்டுங்கள். நாடா பிளேட்டுக்கு வழுக்குக் கொடுத்துக் கருகலைக் குறைக்கும். பலாவுக்குத் தேவைப்படாது, முதிரைக்குக் கட்டாயம் வேண்டும்.

அடிப்பக்கம் சிராய் கிளம்புகிறது

பல் கீழ்நோக்கி வெட்டுவதால் நார் பிய்வது அடியில்தான். அடியில் சில பல் மேல்நோக்கி வைத்த பிளேட்டை வாங்குங்கள். ஆனால் அந்த மேல்நோக்கிய பற்கள், பிளேட் மேலே போகும்போது மேசைக்கு மேலே தெரியும்படி பிளேட்டைப் பூட்ட வேண்டும். தெரியாவிட்டால் அவை வேலை செய்யவில்லை. மேலே சொன்ன உயர்த்திய மேசையில் இதை மறந்துவிடுவார்கள். சாதாரணப் பிளேட்தான் இருக்கிறது என்றால் பலகைக்கு அடியில் ஒரு காட்போட் தாளை வைத்துச் சேர்த்து வெட்டுங்கள்.

பலகை துள்ளுகிறது

பிளேட் தலைகீழாகப் பூட்டப்பட்டிருக்கிறது. விரலால் கீழிருந்து மேலே மெல்லத் தடவினால் பல் குத்த வேண்டும். சரியாக இருந்தும் துள்ளினால் பலகை வளைந்திருக்கும். குழிந்த பக்கத்தைக் கீழே வையுங்கள்.

மெசினே அதிர்ந்தால் நாலு காலின் திருகாணிகளையும் இறுக்கி, மெசின் நிற்கும் மேசையைச் சுவரோடு பொருத்துங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்தால் அந்த வேகத்தை விட்டுவிடுங்கள்.

மெசினைத் தொட்டால் சுருக்கென்கிறது

உடனே நிறுத்துங்கள். ஏர்த் கம்பி அறுந்திருக்கும், அல்லது இரண்டு ஊசி அடப்டரில் பிளக்கை மாட்டியிருப்பீர்கள். மாரியில் நிலம் ஈரமாக இருக்கும்போது இது விளையாட்டல்ல. ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பில் மட்டும் பாவியுங்கள். வயரைக் கரண்ட் வேலை தெரிந்தவரே பார்க்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்த 120 வோல்ட் மெசினை ட்ரான்ஸ்போமர் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு: வோல்ட்டை மாற்றலாம், ஹெர்ட்ஸை ட்ரான்ஸ்போமர் மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த இன்டக்‌ஷன் மோட்டார் இங்கே 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும், கூடவே சூடாகும். இடைக்கிடை ஆறவிட வேண்டும்.

ஆரக்கால் முறிகிறது

சில்லை ஒரே பலகையில் வெட்டி எடுத்திருப்பீர்கள். பலகையின் நார் ஒரு திசையில்தான் ஓடும். அந்தத் திசையில் நிற்கும் ஆரக்கால்கள் உறுதியாக இருக்கும். குறுக்கே நிற்பவை தொட்டவுடன் உடையும். 12இல் நாலைந்து போனால் இதுதான் காரணம், உங்கள் கை அல்ல.

தொடங்குகிறவர்களுக்கு வழி, 4 மி.மீ. ஒட்டுப்பலகை இரண்டை ஒட்டி வெட்டுவது. மரத்தின் தோற்றமே வேண்டும் என்றால் 4 மி.மீ. பலகை இரண்டை நார் குறுக்காக வரும்படி ஒட்டி, ஒரு நாள் பாரம் வைத்து, பிறகு வெட்டுங்கள். வெட்டும் ஒழுங்கும் முக்கியம்: முதலில் அச்சுத் துளை, பிறகு ஆரக்கால்களுக்கு இடையிலான உள்வெட்டுகள், வெளிவட்டம் கடைசி. வெளிவட்டத்தை முதலில் வெட்டினால் பிடிப்பதற்கு ஒன்றும் இராது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல் பக்கம் ஓடிய வண்டில்களைப் போலத் தனித்தனிக் கால் வைத்துச் செய்கிறவர்களுக்கு அடுத்த இரண்டு குறிகளும் வரும்.

குடம் வெடிக்கிறது, துளைகள் உள்ளே கலக்கின்றன

28 மி.மீ. குடத்தைச் சுற்றி 12 துளை என்றால் வெளியில் துளைக்குத் துளை 7.3 மி.மீ. தாராளமாகத் தெரியும். ஆனால் உள்ளே போகப் போக வட்டம் சுருங்கும். 6 மி.மீ. ஆழத்தில் அந்த இடைவெளி 4.2 மி.மீ.தான். 4 மி.மீ. துளை போட்டால் நடுவில் தாள் கனத்துக்குத்தான் மரம் மிஞ்சும். காலை அடிக்கும்போது குடம் வெடிக்கும்.

3 மி.மீ. துளை, 5 மி.மீ. ஆழம். துறப்பண முனையில் 5 மி.மீ.க்கு ஒரு ஒட்டுநாடாத் துண்டைச் சுற்றி விடுங்கள், அதற்கு மேல் போகாது. துளைகளை ஒரே வரிசையில் போடாமல் ஒன்றுவிட்டு ஒன்றை 3 மி.மீ. முன்னும் பின்னுமாகப் போட்டால் இன்னும் பலம். பெரிய வண்டிலின் குடத்தில் ஓடாவிமார் (தச்சர்கள்) செய்வதும் இதுவே. குடத்துக்குப் பூவரசு நல்லது. நார் நெருக்கமாக இருப்பதால் இலகுவில் பிளக்காது. கரையோரமெங்கும் வேலியில் நிற்கிற மரம், பழைய கிளை ஒன்று கிடைத்தால் நாலைந்து வண்டிலுக்குப் போதும். நடுவில் உள்ள கருஞ்சிவப்பு வைரத்தை மட்டும் எடுங்கள்.

காலுக்கு 3 மி.மீ. மூங்கில் குச்சியை நடுவில் வைத்து மரம் ஒட்டலாம், அல்லது 5 மி.மீ. சதுரக் கட்டையின் இரு முனையையும் 3 மி.மீ. உருளையாகச் சீவலாம். நீளம் 46 மி.மீ.: வெளியே தெரிவது 36, குடத்துக்குள் 5, வட்டைக்குள் 5. இரண்டு சில்லுக்கு 24. 28 வெட்டி வையுங்கள்.

வட்டைத் துண்டு ஆறும் மூடவில்லை, கடைசி இடத்தில் இடைவெளி

ஒரு சில்லுக்கு வட்டை ஆறு, ஒவ்வொன்றும் 60 பாகை. வெளி ஆரை 60 மி.மீ. என்பதால் ஒவ்வொரு துண்டின் வெளி முனையிலிருந்து மற்ற வெளி முனைக்கு நேர்கோட்டில் அளந்தால் அதுவும் சரியாக 60 மி.மீ. வரவேண்டும். வராத துண்டை அங்கேயே ஒதுக்குங்கள். 62 மி.மீ. நீளம், 18 மி.மீ. அகலமுள்ள துண்டில் ஒரு வட்டை அடங்கும். நார் நீளப்பாட்டில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முனை உதிரும்.

ஒரு முகத்துக்கு அரைப் பாகைதான் பிசகியது என்று வையுங்கள். ஆறு துண்டுக்குப் பன்னிரண்டு முகம், மொத்தம் 6 பாகை. வெளிவட்டத்தில் அது 6.3 மி.மீ. ஓட்டை. ஒவ்வொரு மூட்டும் தனியாகப் பார்த்தால் அச்சொட்டாக இருக்கும். கடைசி மூட்டில்தான் எல்லாக் கடனும் சேர்ந்து தெரியும். அந்த ஓட்டையை மரத்தூளும் பசையும் குழைத்து நிரப்புவது அடுத்த கோடையிலேயே வெடிக்கும்.

திருத்தும் வழி எளிது. ஆறையும் ஒரேயடியாக ஒட்டாமல் மூன்று மூன்றாக ஒட்டி இரண்டு அரைவட்டம் செய்யுங்கள். காய்ந்த பிறகு, கண்ணாடித் துண்டின் மேல் 120 சாண்ட்பேப்பரை ஒட்டி, அரைவட்டத்தின் இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் அதில் வைத்துத் தேயுங்கள். பென்சிலால் முனைகளில் கோடு கீறி வைத்தால் எந்த முனை தொடுகிறது, எது தொடவில்லை என்று தெரியும். இரண்டிலும் கோடு முழுதாக மறையும்போது அந்த அரைவட்டத்தின் முகங்கள் ஒரே நேரில் நிற்கின்றன. பாகை எவ்வளவு பிசகியிருந்தாலும் இரண்டு அரைவட்டமும் சேரும். வட்டம் மிகச் சிறிது நீள்வட்டமாகும். வெளிப்பக்கத்தைத் தேய்க்கும்போது அது போய்விடும்.

மூடிய வட்டைக்குள் கால்கள் நுழையாது என்பது இன்னொரு சிக்கல். பக்கத்துப் பக்கத்துக் கால் இரண்டும் 30 பாகைக்கு விரிந்து நிற்கின்றன. ஒரு வட்டையின் இரண்டு துளைக்குள் இரண்டையும் நேராக இறக்க முடியாது. பெரிய சில்லில் காலை இழுத்து நெருக்கி இறக்குவார்கள். சின்னக் கால் அப்படி வளையாது, முறியும். அதனால் 8 மி.மீ. வட்டையை 4 மி.மீ. இரண்டு அடுக்காகச் செய்யுங்கள். அடுக்குகளுக்கு நடுவே பத்திரிகைத் தாள் வைத்து வெள்ளைப் பசையால் லேசாக ஒட்டி, நடுக்கோட்டில் 3 மி.மீ. துளைகளைப் போட்டு, பிறகு கத்தி முனையால் பிரித்தால் தாள் கிழிந்து அடுக்குகள் சேதமின்றிக் கழன்று வரும். ஒவ்வொன்றிலும் பாதிக் குழி இருக்கும். தாளைத் தேய்த்து எடுத்து, குடத்தோடு கால்களைக் கீழ் அடுக்கில் வைத்து, மேல் அடுக்கால் மூடி ஒட்டுங்கள். மேல் அடுக்கின் மூட்டுகள் கீழ் அடுக்கின் மூட்டுகளிலிருந்து 30 பாகை தள்ளி வரவேண்டும். கால்கள் மூட்டுக்கு 15 பாகையில் நின்றால் எந்த மூட்டிலும் கால் விழாது.

சில்லு ஆடுகிறது

எப்படி ஆடுகிறது என்று முதலில் பாருங்கள். வண்டிலைத் தூக்கி, சில்லுக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலை நிறுத்திச் சுழற்றுங்கள்.

வட்டை பென்சிலுக்குக் கிட்ட வந்து வந்து விலகினால் அச்சுத் துளை சாய்ந்திருக்கிறது. ஒரு பாகை சாய்வு வட்டையில் 1 மி.மீ. அந்தப் பக்கம், 1 மி.மீ. இந்தப் பக்கம். கைத் துறப்பணத்தால் நீளக் குடத்தைத் துளைத்தால் இது நிச்சயம் வரும். சதுரக் கட்டையாக இருக்கும்போதே நிலைத் துறப்பணத்தில் 6.2 மி.மீ. துளை போட்டு, அந்தத் துளையை மையமாக வைத்துக் குடத்தை உருட்டுங்கள். துளை போட்ட பிறகு குடம், குடத்திலிருந்து கால், காலிலிருந்து வட்டை. ஒழுங்கு மாறினால் திருத்த முடியாது.

வட்டை மேலும் கீழுமாக ஏறி இறங்கினால் வட்டம் சரியில்லை. 6 மி.மீ. கம்பியில் சில்லை மாட்டி, சாண்ட்பேப்பர் ஒட்டிய கட்டைக்கு எதிரே மெல்லச் சுழற்றி உயர்ந்த இடங்களைத் தேய்த்துவிடலாம். ஒரே பலகையில் வெட்டிய சில்லு செய்த அன்று வட்டமாக இருந்து சில மாதத்தில் முட்டையாகிவிட்டால் அது மரத்தின் ஈரம். மரம் நாரின் குறுக்கே சுருங்கும், நீளப்பாட்டில் கிட்டத்தட்ட சுருங்காது. 120 மி.மீ. சில்லில் குறுக்கே 1 மி.மீ. வரை குறையலாம்.

மாரியில் இறுகியது கச்சானில் கழல்கிறது

மேற்சொன்னதன் தொடர்ச்சிதான். வாடைக்காற்றும் மழையும் உள்ள மாதங்களில் மரம் ஈரம் குடித்துப் பருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதே மரம் வறண்டு சுருங்கும். கல்லடி, களுவாஞ்சிகுடி, அக்கரைப்பற்று போன்ற கரையோரத்தில் செய்த வண்டிலைக் கொழும்பில் குளிரூட்டிய அறைக்குள் கொண்டுபோய் வைத்தாலும் இதே கதை.

மரக்காலையில் வாங்கிய பலகையை 10 மி.மீ.க்குச் சீவி, இடையில் சிலாகை (மெல்லிய சட்டம்) வைத்து அடுக்கி, வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கிழமைக்கு ஒரு தரம் சமையலறைத் தராசில் ஒரு துண்டை நிறுத்துத் திகதி போட்டு அதன் மேலேயே எழுதுங்கள். தொடர்ந்து இரண்டு கிழமை நிறை மாறாவிட்டால் வெட்டலாம். அச்சுக்கும் குடத்துக்கும் இடையில் 0.2 மி.மீ. விடுங்கள்.  இறுகிப் போன சில்லுக்கு எண்ணெய் விடாதீர்கள். மரம் அதைக் குடித்துவிடும். மெழுகுதிரியை அச்சில் தேய்த்தால் போதும்.

வட்டையைச் சுற்றிப் பூட்டும் இரும்புப் பட்டம் கழல்வதும் இதனால்தான். ரின் தகட்டில் வெட்டிய பட்டத்துக்குச் சுற்றளவு 377 மி.மீ.; ஒன்றன்மேல் ஒன்று ஏற 8 மி.மீ. சேர்த்து வெட்டுங்கள். கச்சான் மாதத்தில் பூட்டிய பட்டம் கழலாது. மாரியில் பூட்டியது கழன்றால் சுப்பர் குளூ ஊற்ற வேண்டாம். கழற்றி, உள்ளே ஒரு சுற்று மெல்லிய தாள் ஒட்டி, எபொக்சியால் மறுபடியும் பூட்டுங்கள்.

ஒட்டு விடுகிறது

தேக்கில் விட்டால் அதன் எண்ணெய்ப் பசைதான் காரணம். ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னரால் துடைத்து, உலர்ந்தவுடன் பசை பூசுங்கள். ஒரு நாள் பிந்தினால் எண்ணெய் மறுபடியும் மேலே வரும். வெள்ளைப் பசையில் ஒட்டியதை ஒரு மணித்தியாலம் கவ்வியில் வைத்து, ஒரு நாள் விட்ட பிறகே தேய்க்க வேண்டும். வெளியே பிதுங்கிய பசையை ஈரத் துணியால் தேய்த்துப் பரப்பாதீர்கள். அரைவாசி காய்ந்து சவ்வு மாதிரி ஆனதும் உளி முனையால் கிளப்பினால் முழுதாக வரும். பரப்பிய இடம் பொலிஷ் பூசும்போது வெளிறிய திட்டாகத் தெரியும்.

சுப்பர் குளூவைச் சுற்றி வெள்ளைப் புகை படிந்தால் அது காற்றின் ஈரம். குறைவாக விட்டு, காற்றாடிக்கு முன் வைத்தால் படியாது.

கூடாரம் நிமிர்கிறது

வளைவுக் கம்புகளுக்கு 2 மி.மீ. பிரம்பு எடுத்து, கொதிநீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் சிறிய போத்தலில் சுற்றிக் கட்டி, முழுதாகக் காயும்வரை விடுங்கள். அவிழ்த்தவுடன் சற்று விரியும், அதற்காகத்தான் சிறிய போத்தல். மேலே போர்த்தப் பன்பாய்த் துண்டு பொருத்தமாக இருக்கும். ஈரமாக்கி வளைத்து, காய்ந்த பிறகு விளிம்பை வெட்டுங்கள். முதலில் வெட்டினால் பின்னல் அவிழும்.

வார்னிஷ் வெள்ளையாகப் பூக்கிறது

சீலர், லக்கர் எதுவானாலும் மழை நாளில் அடித்தால் இது வரும். தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிர வைக்க, காற்றின் ஈரம் அதில் படிகிறது. தேய்த்து எடுக்கத் தேவையில்லை. வெயில் ஏறிய நடுப்பகலில், பூத்த இடத்தில் நல்ல தின்னரை மட்டும் மெல்லிசாக அடித்தால் பூச்சு மறுபடியும் இளகித் தெளிந்துவிடும். அடுத்த பூச்சுக்கு மெதுவாக ஆவியாகும் தின்னர் வாங்குங்கள்.

பூச்சு இடையிடையே குழி விட்டு விலகினால் மரத்தில் எண்ணெயோ சிலிக்கோனோ பட்டிருக்கிறது. மெசின் மேசைக்குக் கறள் வராமல் இருக்கச் சிலிக்கோன் ஸ்பிரே அடிக்கிறவர்களுக்கு இது வரும். உப்புக்காற்றுக்கு மேசையில் மெழுகு தேய்த்துத் துணியால் துடைப்பதே போதும்.

கை அரிக்கிறது, தும்மல் நிற்கவில்லை

முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் உண்டாக்கும். நீளக் கைச் சட்டை, முகக்கவசம், வேலை முடிந்தவுடன் சோப்பு. ஒரு தரம் கடுமையாக அரித்தவர்கள் அந்த மரத்தை விட்டுப் பலாவுக்கோ பூவரசுக்கோ மாறுவது நல்லது, அடுத்த தரம் இன்னும் கூடும்.

வண்டிலுக்குக் கீழே மாவு கொட்டுகிறது

1 அல்லது 2 மி.மீ. துளையும் அதனடியில் மா போன்ற தூளும் இருந்தால் உள்ளே வண்டின் புழு இருக்கிறது. மருந்தேற்றாத இறப்பர் மரத்திலும், எந்த மரத்திலும் வெளிறிய வெள்ளைப் பகுதியிலும் இது பிடிக்கும். துளைக்குள் மருந்து விடுவதால் வெளியே வந்த வழிதான் அடைபடும், உள்ளே இருப்பது சாகாது. வண்டிலைப் பொலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி, டீப் பிரீசரில் இரண்டு கிழமை வையுங்கள். எடுத்தவுடன் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த மரத்தில் நீர் படிந்து ஒட்டுகள் விடும். ஒரு நாள் அப்படியே வெளியில் வைத்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறந்து, கறுப்புத் தாளின் மேல் ஒரு மாதம் வையுங்கள். புதுத் தூள் விழுந்தால் மறுபடியும் பிரீசர்; விழாவிட்டால் துளைகளை மெழுகால் அடைத்துக் காட்சிக்கு வைக்கலாம்.